கம்பிக்குள் ஓர் அரை மில்லிமீட்டர்

2014 ஜூன். ஆஸ்திரியாவின் லியோகாங் மலைச்சரிவில் டவுன்ஹில் சைக்கிள் உலகக் கோப்பைப் போட்டி. அமெரிக்க வீரர் ஆரன் குவின் மேலிருந்து புறப்பட்ட சற்று நேரத்திலேயே பின்சக்கரத்தில் காற்று இறங்கிவிட்டது. அங்கேயே ஓரங்கட்டியிருக்கலாம், யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவர் நிறுத்தவில்லை. டயர் ரிம்மை விட்டுக் கழன்று கிழிய, வெறும் ரிம் கல்லிலும் மண்ணிலும் உரசி உருள, அடிவாரம் வரை இறங்கி வந்தே முடித்தார். அடுத்த ஆண்டு அதே லியோகாங்கில் புறப்படும்போதே அவருடைய சங்கிலி அறுந்தது. ஒரு மிதிகூட மிதிக்க முடியாமல் இறங்கியும் அன்று முதலிடம் அவருக்குத்தான்.

சங்கிலி போனால் மலையே வண்டியை இழுத்துக்கொண்டு போகும். சக்கரத்துக்கு அப்படி ஒரு துணை கிடையாது. அந்த 2014 ஓட்டத்தின் காணொளியைப் பார்க்கும்போதெல்லாம் என் கண் ஓட்டுபவரை விட்டுவிட்டுப் பின்சக்கரத்துக்கே போய்விடுகிறது. டயர் என்ற மெத்தை இல்லாமல் ஒவ்வொரு கல்லின் அடியையும் நேரடியாக வாங்கிக்கொண்டு, அப்படியும் வட்டமாகவே சுழல்கிறது. முப்பது சொச்சம் மெல்லிய கம்பிகளும் ஒரு வளையமும் சேர்ந்து இதைச் செய்கின்றன என்பது எனக்கு இன்றும் வியப்புதான்.

டவுன்ஹில் வண்டிக்குச் சக்கரம் வாங்கப் போகிறவர் கேட்கும் முதல் கேள்வி, “எந்த ரிம் உடையாது?” என்பது. கேள்வி இயல்பானதே. ஆனால் அந்தக் கேள்வியோடு போகிறவர் கடையில் இருப்பதிலேயே தடித்ததும் விறைப்பானதுமான ஒன்றை வாங்கி வந்து, மூன்றாம் வாரத்தில் அதையும் நெளித்துவிட்டு நிற்பார். அடி விழும்போது சக்கரத்தில் எது முதலில் வளைந்து கொடுக்கிறது, எவ்வளவு கொடுக்கிறது, அதன்பின் மிச்ச அடியை எது வாங்குகிறது என்ற வரிசையில்தான் சக்கரத்தின் ஆயுள் இருக்கிறது. அந்த வரிசை புரிந்துவிட்டால் எதற்குப் பணம் செலவழிப்பது என்பது தானாகவே தெளிந்துவிடும்.

முதலில் அடி எப்படிப்பட்டது என்று பார்ப்போம். ஸ்காட்லாந்தின் ஃபோர்ட் வில்லியம் ஊருக்கு அருகே, பென் நெவிஸ் சிகரத்தை ஒட்டிய மலையில் ஒரு தடம் இருக்கிறது. 2002 முதல் உலகக் கோப்பைப் போட்டிகள் நடந்த இடம். ஏறக்குறைய 2.8 கிலோமீட்டர் நீளம், 550 மீட்டருக்கு மேல் இறக்கம், வழியெங்கும் பாறைக் கற்கள். முன்னணி வீரர்கள் ஐந்து நிமிடத்துக்குள் கீழே வந்துவிடுகிறார்கள். அதாவது சராசரி வேகமே வினாடிக்குப் பத்து மீட்டர் அளவில், மணிக்கு 36 கிலோமீட்டர்.

இந்த வேகத்தில் வரும் ஒரு 29 அங்குலச் சக்கரத்தின் முன்னால் பத்து சென்டிமீட்டர் உயரக் கல் ஒன்று குறுக்கே நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். டயரோடு சேர்த்துச் சக்கரத்தின் ஆரம் 37 சென்டிமீட்டர். டயர் கல்லின் முனையைத் தொட்ட கணத்திலிருந்து அச்சு கல்லுக்கு நேர் மேலே வருவதற்குள் வண்டி முன்னே போகும் தூரம் 25 சென்டிமீட்டர்தான். பள்ளிக்கூடத்தில் படித்த பிதாகரஸ் தேற்றமே இதைச் சொல்லிவிடும். அதற்கு ஆகும் நேரம் ஒரு வினாடியில் நாற்பதில் ஒரு பங்கு. அதற்குள் சக்கரம் பத்து சென்டிமீட்டர் மேலே ஏறியாக வேண்டும். சராசரியாக வினாடிக்கு நான்கு மீட்டர் வேகத்தில் மேல்நோக்கிய பாய்ச்சல். ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விழும் பொருள் தரையைத் தொடும்போதும் ஏறக்குறைய இதே வேகம்தான் இருக்கும். அதுவும் இது சராசரிக் கணக்கு. கல்லின் முனையைத் தொட்ட அந்த முதல் கணத்தில், சக்கரம் விறைப்பாகவே இருந்தால், அச்சு 45 பாகைக்குக் கிட்டத்தட்டச் சரிவில் எகிற வேண்டியிருக்கும். முன்னே போகும் வேகத்துக்கு ஏறக்குறைய இணையான வேகத்தில் மேலேயும் போக வேண்டும்.

பெரிய தாவல்களைப் பார்த்துப் பயப்படும் புதியவர்கள் கவனிக்கத் தவறுவது இதைத்தான். ஐந்து மீட்டர் காற்றில் பறந்து, சரிவாக அமைத்த இறங்குதளத்தில் சக்கரம் பதியும்போது அந்த வேகத்தை விழுங்க முன்னும் பின்னும் 200 மில்லிமீட்டர் சஸ்பென்ஷன் இருக்கிறது. விழுங்குவதற்கு நேரமும் இருக்கிறது. பத்து சென்டிமீட்டர்க் கல்லோ அந்த நேரத்தைத் தருவதில்லை. ஸ்பிரிங்கும் எண்ணெய் டாம்பரும் அசையத் தொடங்குவதற்குள் முதல் அடி ரிம்மில் இறங்கிவிடுகிறது. ரிம்கள் நெளிவது பெரும்பாலும் இப்படி முனை கூரான சிறிய கற்களில்தான்.

சக்கரத்தின் எடையும் இங்கே குறுக்கே வருகிறது. அந்த நாற்பதில் ஒரு பங்கு வினாடிக்குள் மேலே தூக்கப்பட வேண்டியது ஓட்டுபவரின் உடல் அல்ல. ரிம், டயர், சக்கரத்தின் நடுவிலுள்ள குடம், பிரேக் தட்டு, பற்சக்கரங்கள் ஆகியவைதான். அவை எவ்வளவு கனமோ அவ்வளவு விசை ரிம்மின் விளிம்பில் தேவைப்படும். ஆகவே உறுதி வேண்டும் என்று உலோகத்தைக் கூட்டிக்கொண்டே போனால், கூட்டிய உலோகமே அடியையும் கூட்டுகிறது.

பின்சக்கரம் முன்சக்கரத்தைவிட விரைவில் கெட்டுப்போவதற்கும் காரணம் உண்டு. முன்சக்கரத்தை ஓட்டுபவரின் கண்ணும் கையும் வழிநடத்துகின்றன. கல்லைக் கண்டால் கைப்பிடியை லேசாகத் தூக்கிக் கொடுப்பார், ஒதுக்குவார். பின்சக்கரம் கண்ணைக் கட்டிவிட்டதுபோல் பின்னாலேயே வந்து, முன்னது தப்பிய கல்லில் மோதும். இரண்டு சக்கரத்துக்கும் ஒரே ரிம் போட வேண்டிய கட்டாயமில்லை. பின்னால் கனத்த ரிம், முன்னால் ஒரு படி இலேசானது என்று பிரித்துப் போடுவதே புத்திசாலித்தனம் என்பேன்.

இப்போது வளைந்து கொடுக்கும் வரிசைக்கு வருவோம். வரிசையில் முதலில் நிற்பது டயரும் அதற்குள்ளிருக்கும் காற்றும். ரிம்முக்கும் கல்லுக்கும் இடையே அது ஐந்தாறு சென்டிமீட்டர் மெத்தை போடுகிறது. சக்கரத்தின் மற்ற எந்த உறுப்பும் இதில் பத்தில் ஒரு பங்குகூடக் கொடுக்காது. எனவே சக்கரம் நீடிக்க வேண்டுமானால் முதல் பணம் டயருக்குப் போக வேண்டும். ரிம் பற்றி ஒரு மாதம் விசாரித்துவிட்டு டயரைக் கண்ணை மூடிக்கொண்டு வாங்குகிறவர்களைப் பார்த்தால் எனக்கு மனம் பொறுப்பதில்லை.

டவுன்ஹில் டயரின் பக்கச்சுவர் இரண்டு அடுக்குத் துணியால் ஆனது. ரிம்மை ஒட்டிய இடத்தில் கூடுதலாக ரப்பர்ப் பட்டையும் இருக்கும். ஒரு டயர் 1200, 1300 கிராம் வரை எடை வரும். சாதாரண மலை சைக்கிள் டயர் அதைவிடச் சில நூறு கிராம் குறைவு. அந்தச் சில நூறு கிராமை மிச்சம் பிடிக்க நினைத்தால் ரிம் விலை கொடுக்க வேண்டியிருக்கும். கல்லுக்கும் ரிம்மின் இரு விளிம்புக்கும் நடுவே டியூப் நசுங்கினால் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு ஓட்டைகள் விழும். பாம்பு கடித்த தடம்போல் இருப்பதால் அதற்குப் பாம்புக்கடி என்றே பெயர். 1999 இல் பிரான்சின் மாவிக் நிறுவனம் மிஷ்லான், ஹட்சின்சன் ஆகிய டயர் நிறுவனங்களோடு சேர்ந்து டியூப்லெஸ் முறையைக் கொண்டுவந்த பிறகு, கடிபட டியூபே இல்லாமல் போனது. ஆனால் கடித்த பல் இன்னும் இருக்கிறது. டயரின் சுவர் நசுங்கிக் கிழியலாம், ரிம்மின் விளிம்பு மடங்கலாம்.

காற்றழுத்தம் பெரும்பாலும் 22 முதல் 30 பி.எஸ்.ஐ.க்குள் இருக்கும். குறைத்தால் டயர் தரையை நன்றாகப் பற்றும். ஆனால் ரிம் கல்லைத் தொடும். கூட்டினால் ரிம் பிழைக்கும். ஆனால் டயர் கல்லுக்குக் கல் துள்ளும், வளைவில் வழுக்கும். இந்த இழுபறியைத் தளர்த்தத்தான் டயருக்குள்ளே நுரை வளையம் வைக்கும் பழக்கம் வந்தது. குஷ்கோர் போன்ற பெயர்களில் விற்கும் இந்த வளையம் 150 முதல் 250 கிராம் எடை வரும். காற்று முழுவதும் நசுங்கிய பிறகு கடைசி ஒரு சென்டிமீட்டரில் அது தடுப்பாக நிற்கும். அதற்கு முன்பே ஸ்வால்பே நிறுவனம் டயருக்குள் இன்னொரு சிறிய குறுகிய டயரை வைத்து, அதில் மட்டும் அதிகக் காற்றடிக்கும் முறையை விற்றது. எந்த முறையானாலும் சரி, பின்சக்கரத்துக்கு மட்டுமாவது ஒரு நுரை வளையம் போட்டுவிடலாம். காற்று முழுவதும் போனாலும் ரிம் தரையில் உரசாமல் அடிவாரம் வரை வந்து சேரலாம். 2014 இல் குவினிடம் அப்படி ஒன்று இருந்திருந்தால் நான் இந்தக் கட்டுரையை வேறு விதமாகத் தொடங்கியிருக்க வேண்டும்.

டயரைத் தாண்டி உள்ளே போகும் அடி ரிம்முக்கும் கம்பிக்கும் வருகிறது. சைக்கிள் சக்கரத்தின் உண்மையான அறிவியல் இங்கேதான் இருக்கிறது.

மாட்டு வண்டிச் சக்கரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். நடுவில் குடம், சுற்றிலும் வட்டை, இரண்டையும் இணைக்கும் ஆரக்கால்கள். பாரம் குடத்தில் இறங்கும்போது அதற்கு நேர் கீழே நிற்கும் ஆரக்கால் தூணாக அதைத் தாங்குகிறது. சக்கரம் உருள உருள ஒவ்வோர் ஆரக்காலும் தன் முறை வரும்போது தூணாகிறது. சைக்கிள் கம்பியோ இரண்டு மில்லிமீட்டர் தடிமன். அதைச் செங்குத்தாக நிறுத்தி உள்ளங்கையால் அழுத்தினாலே வில்லாக வளைந்துவிடும். அது தூணாக முடியாது. இழுத்தால் மட்டுமே அதற்கு வலு. 1808 இல் ஆங்கிலேயர் ஜார்ஜ் கேலி, தான் கனவு கண்ட பறக்கும் இயந்திரத்துக்கு எடை குறைந்த சக்கரம் வேண்டுமே என்று யோசித்தபோது, ஆரக்கால்களை இழுத்துக் கட்டிய நாண்களாக்கலாம் என்று தம் குறிப்பேட்டில் எழுதிவைத்தார். 1869 இல் பாரிஸில் யூஜின் மேயர் சைக்கிளுக்கான கம்பிச் சக்கரத்துக்குக் காப்புரிமை பெற்றார். 1874 இல் இங்கிலாந்தின் ஜேம்ஸ் ஸ்டார்லி, கம்பிகளைக் குடத்திலிருந்து நேராக வெளியே போகவிடாமல், குடத்தின் விளிம்பைத் தொட்டுச் சாய்வாகப் போகும்படி குறுக்கும் நெடுக்குமாகப் பின்னினார். இன்று ஃபோர்ட் வில்லியத்தில் இறங்கும் சக்கரத்திலும் அதே பின்னல்தான்.

நன்றாகக் கட்டிய சக்கரத்தில் ஒவ்வொரு கம்பியும் ஏறக்குறைய நூறு கிலோ எடையைத் தொங்கவிட்டாற்போன்ற இழுவிசையில் நிற்கிறது. 32 கம்பிகள் என்றால் மொத்தம் மூன்று டன்னுக்கு மேல் குடத்தை நோக்கி இழுக்கிறது. அந்த இழுப்பால் ரிம் தன் சுற்றளவு நெடுக அரை டன் அழுத்தத்தில் இறுகியிருக்கிறது. இத்தனையும் ஆணியில் சும்மா தொங்கும் சக்கரத்தில்! இதன் மேல் ஆள் ஏறி உட்கார்ந்தால் என்ன ஆகும்? மேலே இருக்கும் கம்பிகள் இன்னும் இறுகிக் குடத்தைத் தூக்கிப் பிடிக்கும் என்று தோன்றும். அமெரிக்கப் பொறியாளர் ஜாப்ஸ்ட் பிராண்ட் 1981 இல் வெளியிட்ட சைக்கிள் சக்கரம் பற்றிய நூலில் கணக்கிட்டுக் காட்டியது வேறு. மேல் கம்பிகளில் மாற்றம் மிகச் சிறிது. தரைக்கு நேர் மேலே இருக்கும் மூன்று நான்கு கம்பிகள்தான் தளர்கின்றன. கயிறு இழுக்கும் போட்டியில் ஒரு பக்கத்தார் பிடியைச் சற்று தளர்த்தினால் எதிர்ப்பக்கம் கூடுதலாக எதுவும் செய்யாமலே வெல்வதுபோல, கீழ்க் கம்பிகள் இழுப்பைக் குறைத்துக்கொள்வதால் குடம் மேலே நிற்கிறது. கம்பி இழந்த இழுவிசைதான் அது தாங்கிய பாரம். அப்படியானால் ஏற்கெனவே தளர்ந்திருக்கும் கம்பியிடம் இழப்பதற்கு எதுவும் இல்லை. அது எதையும் தாங்காது.

இந்தத் தளர்ச்சிக்கு ஓர் அளவு உண்டு. எஃகும் இழுத்தால் நீளும். 280 மில்லிமீட்டர் நீளமும் 2 மில்லிமீட்டர் தடிமனும் உள்ள கம்பியை நூறு கிலோ விசையில் இழுத்தால் அது 0.44 மில்லிமீட்டர் நீளும். நடுப்பகுதியை 1.8 மில்லிமீட்டராக மெலிய வைத்த கம்பி அரை மில்லிமீட்டருக்குச் சற்று மேலே நீளும். சக்கரத்தின் கையிருப்பே இந்த அரை மில்லிமீட்டர்தான். ஒரு கல் ரிம்மின் அடிப்பகுதியை உள்நோக்கி அரை மில்லிமீட்டர் தள்ளிவிட்டால் அங்கிருக்கும் கம்பிகள் முழுவதும் தொய்ந்துவிடும். அந்தக் கணத்தில் ரிம்முக்குப் பக்கவாட்டுப் பிடிமானம் இல்லை. அதே நேரத்தில் வண்டி வளைவில் சாய்ந்திருந்தால், அரை டன் அழுத்தத்தில் இறுகி நிற்கும் அந்த வளையம் எண்ணெயில் போட்ட அப்பளம்போல் ஒரே நொடியில் நெளிந்துவிடும்.

மெல்லிய கம்பி அதிகம் நீளுவதால், தொய்ந்துபோகும் முன் அதிகத் தூரம் கொடுக்கும். ஆகவே இரு முனையும் தடித்து நடு மெலிந்த கம்பி, முழுக்கத் தடித்த கம்பியைவிட நீடித்து உழைக்கும். கேட்பவர்கள் நம்ப மறுக்கும் செய்தி இது. கணக்கைப் பார்த்த பிறகு எனக்கு இதில் துளியும் ஐயமில்லை. இன்னொரு காரணமும் உண்டு. கம்பி இழுத்து அறுபடுவது அபூர்வம். அதற்கு 250 கிலோவுக்கு மேல் வேண்டும். உண்மையில் அறுப்பது உலோகச் சோர்வு. 29 அங்குலச் சக்கரத்தின் சுற்றளவு 2.3 மீட்டர். ஃபோர்ட் வில்லியத்தில் ஒரு முறை இறங்கினால் சக்கரம் 1200 முறை சுழலும். ஒவ்வொரு சுழற்சியிலும் ஒவ்வொரு கம்பியும் ஒருமுறை தளர்ந்து இறுகும். ஒரு நாளில் பத்து முறை இறங்கினால் பன்னிரண்டாயிரம். இந்த ஆட்டத்தில் முதலில் விரிசல் விடும் இடம், குடத்தின் துளைக்குள் நுழைந்து கம்பி மடங்கும் முழங்கை. நடுவை மெலிய வைத்தால் நீட்சியும் சுருக்கமும் நடுப்பகுதிக்குப் போய்விடுகின்றன, முழங்கை தப்பிக்கிறது. புதிதாகக் கட்டிய சக்கரத்தில் இணையாக ஓடும் கம்பிகளை இரண்டிரண்டாகப் பிடித்துக் கையால் ஒன்றோடொன்று பலமாக அழுத்திவிடும்படி பிராண்ட் சொன்னதும் இதற்காகத்தான். மடிப்பில் தங்கியிருக்கும் உள் அழுத்தம் அப்போது தணிந்துவிடும்.

எத்தனை கம்பி? 32. கண்ணுக்கு அழகாக இருக்கிறதென்று கம்பியைக் குறைத்துச் செய்த சக்கரங்கள் வருகின்றன. ஒரு கம்பி அறுந்தால் பக்கத்துக் கம்பிகள் சுமையை ஏற்க வேண்டும். அவை எவ்வளவு நெருக்கமாக இருக்கின்றனவோ அவ்வளவு நல்லது. பின்னல் மூன்று குறுக்கு, அதாவது ஒவ்வொரு கம்பியும் வழியில் வேறு மூன்று கம்பிகளைக் கடந்து போக வேண்டும். டிஸ்க் பிரேக் வந்த பிறகு இது முன்சக்கரத்துக்கும் பொருந்தும். பழைய ரிம் பிரேக் நேராக ரிம்மைப் பிடித்து நிறுத்தியது. டிஸ்க் பிரேக் குடத்தைப் பிடிக்கிறது. 200 மில்லிமீட்டர்த் தட்டைக் கவ்வும்போது எழும் முறுக்கு முழுவதும் கம்பிகள் வழியாகத்தான் ரிம்முக்கும் டயருக்கும் போய்ச் சேர வேண்டும். நேராக வெளியே போகும் கம்பியால் அந்த முறுக்கைக் கடத்த முடியாது. சாய்வாகப் பின்னிய கம்பியால் முடியும். ஸ்டார்லியின் 1874 ஆம் ஆண்டு யோசனை இங்கே கைகொடுக்கிறது. கம்பியை ரிம்மில் திருகிப் பிடிக்கும் நிப்பிள் பித்தளையாக இருக்கட்டும். அலுமினிய நிப்பிளில் மிச்சமாகும் எடை சொற்பம். உப்பும் ஈரமும் பட்டால் அது அரித்து, திருகும்போது தலை உதிர்ந்துவிடும்.

பின்சக்கரத்தில் ஒரு பிறவிக் குறை உண்டு. வலப்பக்கம் பற்சக்கரங்கள் இடத்தைப் பிடித்துக்கொள்வதால் அந்தப் பக்கக் கம்பிகள் ஏறக்குறைய செங்குத்தாக நிற்கின்றன. இடப்பக்கக் கம்பிகள் நன்றாகச் சாய்ந்திருக்கின்றன. ரிம் நடுவில் நிற்க வேண்டுமானால் வலப்பக்கத்தை இறுக்கமாகவும் இடப்பக்கத்தைத் தளர்வாகவும் வைக்க வேண்டியிருக்கிறது. தளர்வான பக்கம் விரைவில் தொய்யும். டவுன்ஹில் வண்டிகளில் 157 மில்லிமீட்டர் அகலக் குடம் வந்தது இந்தக் குறையைப் பெருமளவு சரிசெய்தது. இறங்குவதற்கு ஏழு பற்சக்கரம் போதும் என்பதால், அதற்கென்றே குறுக்கிச் செய்த குடங்களில் இரு பக்கச் சாய்வும் கிட்டத்தட்டச் சமமாகிவிடுகிறது. கடையில் கேட்க வேண்டிய கேள்விகளில் இதுவும் ஒன்று. பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை.

ரிம்முக்கு வருகிறேன். அலுமினியமா, கார்பனா என்ற சண்டை பதினைந்து ஆண்டுகளாக நடக்கிறது. அலுமினியம் அடி வாங்கினால் மடங்கும், குழியும், நெளியும். கார்பன் நார் அடி வாங்கினால் பழைய வடிவத்துக்கே திரும்பிவிடும். தாங்க முடியாத அடி விழுந்தால் வெடித்துவிடும். நல்ல கார்பன் ரிம்கள் மிகுந்த உறுதி கொண்டவை என்பதை மறுக்கவில்லை. சாண்டா குரூஸ் அணியினர் கார்பன் ரிம்மில் உலகக் கோப்பைகளை வென்றிருக்கிறார்கள். உடைந்தால் புது ரிம் தருகிறோம் என்று ஆயுள் உத்தரவாதம் தரும் நிறுவனங்களும் உண்டு. ஆனால் தன் கைப்பணத்தில் சக்கரம் வாங்குகிறவருக்கு நான் அலுமினியத்தைத்தான் சொல்வேன். கார்பன்போல் விறைப்பான ரிம் அதிகம் விலகாமல் நிற்கும். அடியின் மிச்சம் டயரின் சுவருக்கும் ஓட்டுபவரின் மணிக்கட்டுக்கும் போகும். பெரிய போட்டிகளில் இன்றும் பல வீரர்கள் அலுமினியத்தை விரும்பிப் போடுவதற்கு அதன் இளக்கமும் ஒரு காரணம். விளிம்பு மடங்கிய அலுமினிய ரிம்மை மலையடிவாரத்திலேயே ஸ்பானரால் கவ்வி நிமிர்த்திக் காற்றுப் பிடிக்க வைத்து, அன்றைய நாளை ஓட்டி முடித்துவிடலாம். விரிசல் விட்ட கார்பனை ஒன்றும் செய்ய முடியாது. குடமும் கம்பியும் நல்லதாக வாங்கிவிட்டால், ரிம்மை மட்டும் ஆண்டுக்கொரு முறை மாற்றிக்கொள்ளும் பொருளாக நினைத்துக்கொள்ளலாம்.

ரிம்மின் உள் அகலம் முப்பது மில்லிமீட்டர் அளவில் இருந்தால் 2.4, 2.5 அங்குல டயர் சரியாக உட்காரும். விளிம்பின் தடிமனைப் பாருங்கள். கத்திபோல் மெலிந்த விளிம்பு டயரை வெட்டும், தானும் எளிதில் மடங்கும். மழுங்கிய தடித்த விளிம்பு அடியை அகலமாகப் பரப்பும். எடை 500 கிராமுக்கு மேலே, 600ஐ ஒட்டி இருந்தால் பின்சக்கரத்துக்குப் பொருத்தம்.

சக்கரத்தின் அளவு பற்றி நிறையப் பேசலாம். இங்கே வேண்டியது கொஞ்சம்தான். 2017 இல் ஃபோர்ட் வில்லியத்தில் தென்னாப்பிரிக்காவின் கிரெக் மினார் 29 அங்குலச் சக்கரத்தில் வென்ற பிறகு பெரிய சக்கரம் டவுன்ஹில்லுக்கு ஆகாது என்ற பேச்சு நின்றுவிட்டது. பெரிய சக்கரம் கற்களை எளிதாகத் தாண்டும். ஆனால் கம்பி நீளமாகி, சாய்வுக் கோணம் குறைவதால் பக்கவாட்டில் வலு குறையும். முன்னால் 29, பின்னால் 27.5 என்று கலந்து போடுவது 2019 முதல் போட்டிகளிலும் பரவியது. வீரர்கள் அதை வளைவுகளில் திரும்பும் லாவகத்துக்காகப் போடுகிறார்கள்; அதிகம் அடிபடும் பின்சக்கரம் சிறியதாகவும் உறுதியாகவும் அமைவது கூடுதல் ஆதாயம்.

குடத்தைப் பற்றிச் சொல்லும்போது இந்த விளையாட்டின் பிறப்பையும் சொல்ல வேண்டும். கலிஃபோர்னியாவின் மரின் கவுண்டியில், ஃபேர்ஃபாக்ஸ் ஊருக்கு மேலே உள்ள மலைப்பாதையில், 1976 அக்டோபர் 21 அன்று சில நண்பர்கள் பழைய தடித்த டயர் சைக்கிள்களில் ஒருவர்பின் ஒருவராக நேரம் குறித்து இறங்கினார்கள். அந்த வண்டிகளில் பின்னோக்கி மிதித்தால் குடத்துக்குள்ளேயே பிடிக்கும் பிரேக். கீழே வந்து சேரும்போது குடத்திலிருந்த கிரீஸ் சூட்டில் உருகிப் புகையாகப் போயிருக்கும்; குடத்தைக் கழற்றி மீண்டும் கிரீஸ் அடைக்க வேண்டும். அந்த ‘மீண்டும் அடைத்தல்’ என்ற வேலையே பந்தயத்துக்குப் பெயராகி, அது ரீபேக் என்று அழைக்கப்பட்டது. கேரி ஃபிஷர், ஜோ பிரீஸ், சார்லி கெல்லி போன்றவர்கள் அந்தப் பாதையில் உருவானவர்கள்தான். இன்றைய குடத்தில் மூடிய பேரிங்குகளும் தடித்த அச்சும் இருக்கின்றன; முன்னால் 20 மில்லிமீட்டர். நீரும் சேறும் புகாத அடைப்பும், கையாலேயே கழற்றித் துடைத்துவிடக்கூடிய ஃப்ரீவீல் அமைப்பும் இருந்தால் குடம் பல ரிம்களைக் கடந்து வாழும். குடத்தில் சிக்கனம் வேண்டாம்.

இவ்வளவும் சரியாக வாங்கி, கட்டுகிற கை சரியில்லையென்றால் எல்லாம் வீண். கோட்டம் எடுக்கத் தெரிந்த கைதான் சக்கரத்தின் கடைசி உறுப்பு என்பேன். சிறுவயதில் எங்கள் தெருமுனை சைக்கிள் கடையில் மணிக்கணக்காக நின்று பார்த்திருக்கிறேன். கடைக்கார அண்ணன் சக்கரத்தைக் கவட்டையில் மாட்டிச் சுழற்றி, ரிம்மின் பக்கத்தில் சாக்பீஸை அசையாமல் பிடிப்பார். கோட்டம் இருக்கும் இடத்தில் மட்டும் வெள்ளைக் கோடு விழும். அங்கே நிப்பிளைக் கால் திருகு, எதிர்ப்பக்கம் கால் திருகு. அவர் செய்த இன்னொன்று எனக்கு அப்போது விளங்கவில்லை. எல்லாம் முடிந்த பிறகு, கம்பிகளை ஒவ்வொன்றாக விரலால் சுண்டிக் கேட்பார்.

ரிம் நேராக ஓடுவதால் மட்டும் சக்கரம் நன்றாக இருக்கிறதென்று சொல்லிவிட முடியாது. ஒரு கம்பி மிக இறுக்கமாகவும் பக்கத்தது தளர்வாகவும் இருந்து, இரண்டும் ஒன்றையொன்று ஈடுகட்டினாலும் ரிம் நேராகத்தான் ஓடும், முதல் கல் வரும் வரை. காது அதைக் கண்டுபிடித்துவிடும். ஒரே நீளமும் தடிமனும் உள்ள கம்பிகளில் சுருதி இழுவிசையின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. ஒரு கம்பியின் இழுவிசை ஐந்தில் ஒரு பங்கு குறைந்தால் சுருதி பத்தில் ஒரு பங்கு இறங்கும். சட்ஜமத்துக்கும் சதுஸ்ருதி ரிஷபத்துக்கும் உள்ள இடைவெளி ஏறக்குறைய அவ்வளவுதான். பாடத் தெரியாதவருக்கும் அந்த வேறுபாடு கேட்கும். இழுவிசையை அளக்கும் கருவிகள் இப்போது கிடைக்கின்றன. வாங்க முடிந்தவர்கள் வாங்கட்டும். பின்சக்கரத்தில் வலப்பக்கக் கம்பிகளுக்கு ஒரு சுருதி, இடப்பக்கத்துக்கு வேறு சுருதி என்பதால் ஒரு பக்கத்தை அதே பக்கத்தோடுதான் ஒப்பிட வேண்டும்.

புதுச் சக்கரத்தில் முதல் சில இறக்கங்களுக்குப் பிறகு கம்பிகள் கொஞ்சம் தளரும். முழங்கைகளும் நிப்பிள்களும் தங்கள் இடத்தில் பதிவதால் அப்படி ஆகிறது. அப்போது ஒருமுறை இறுக்கிவிட வேண்டும். அதன்பின் ஒவ்வொரு நாளும் மலைக்குப் போகும் முன் வண்டியைத் தலைகீழாக நிறுத்தி, பின்சக்கரத்தை மெல்லச் சுழற்றி, வலப்பக்கம் பதினாறு, இடப்பக்கம் பதினாறு என்று விரலால் தட்டிக்கொண்டு வந்தால் போதும். ஒரு நிமிடம்கூட ஆகாது. பதினைந்தும் ஒரே குரலில் ஒலித்து ஒன்று மட்டும் மந்தமாகக் கேட்டால், அன்றைய முதல் கல்லுக்கு முன்பே நிப்பிள் சாவியை எடுத்துவிடலாம்.